கூரை ஆணி

"டெய்சி இனி வண்டி இழுக்காது, முதலாளி. புண் ஆறுமட்டும் அதை விடுங்கோ," என்றாள் பூரணி.

அருளம்பலம் முதலாளியிடம் வாய் திறந்து எதையும் கேட்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தவர் அப்பா தவராசா. அவர்கள் இருக்கிற அறை முதலாளியுடையது. நிலாவெளியில் அவருடைய ஹோட்டலுக்குப் பின்னால், குதிரைக் கொட்டிலோடு ஒட்டின அறை. சண்டை தொடங்கி வெள்ளைக்காரர் வரத்து நின்றதும் ஹோட்டல் பாழாய்ப் போனது. வெள்ளைக்காரரைக் கடற்கரையில் சுமந்து திரிந்த குதிரை டெய்சி, டீசல் தட்டுப்பாடு வந்தபிறகு மீன் வண்டியில் பூட்டப்பட்டது.

முதலாளி கதிரையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "என்ன தவராசா, உன்ரை மகளைக் கம்பசுக்கு விட்டது எனக்குப் படிப்பிக்கவோ?"

"உங்களுக்கில்லை. மிருக வைத்தியம் படிக்க."

"பூரணி, வாயை மூடு," என்றார் தவராசா.

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்மேல்தான் அவளுக்குக் கூடுதல் கோபம்.

கிரவல் ரோட்டில் குதிரையின் முன்னங்கால் லாடம் கழன்று விழுந்தபோது அவள் பேராதனையில் இருந்தாள். தவராசா பட்டணத்தில் வாங்கி வந்த லாட ஆணிகளைச் சென்றியில் ஆமிக்காரர் மறித்துப் பறித்துக்கொண்டார்கள். ஆணி என்றால் கண்ணிவெடிக்குத்தான் என்றார்கள். வாதாடினால் ஆளையும் மறித்து வைப்பார்கள். வெறுங்கையோடு வந்து நின்றவருக்கு, ஷெல் விழுந்து சரிந்த குசினிக் கூரையைக் காட்டினார் முதலாளி. அதில் பிடுங்கின தடித்த ஆணிகளைத் தட்டி நிமிர்த்தி, கழன்ற லாடத்தையே திரும்ப அடித்தார் தவராசா. குளம்புச் சுவரைத் தாண்டி ஓர் ஆணி உயிர்ச்சதைக்குள் இறங்கியது. குதிரை காலை உதறியது. பிழை என்று அவருக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் மிச்ச ஆணிகளையும் அடித்தார்.

நேற்று வந்து இறங்கிய பூரணி குளம்பில் கை வைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கின சட்டிபோலச் சுட்டது.

"லாடம் கழண்டதாலை குதிரை சாகாது, முதலாளி. உடைஞ்ச விளிம்பை அராவிவிட்டு மணல்லை நிப்பாட்டினாப் போதும், குளம்பு தானா வளரும். நீங்கள் அடிப்பிச்ச ஆணிதான் அதைக் கொல்லுது."

"நாளைக்கு விடியக் கரைவலை இழுக்கினம். மீனை நீ சுமப்பியோ, டொக்டர் அம்மா?"

"குதிரை செத்தா ஆர் சுமக்கிறது?"

"சாகுமட்டும் இழுக்கட்டும்." அவர் எழுந்தார். "தவராசா, லாடம் ஆடுதெண்டா இன்னும் ரெண்டு ஆணி இறுக்கிவிடு."

தவராசா சுத்தியலை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். போன வேகத்தில் வாசலிலேயே நின்றார்.

குதிரையின் முன்னங்காலில் லாடம் இல்லை. சாக்கு சுற்றி, அதன்மேல் பழைய டயர் ரியூப் இறுக்கிக் கட்டியிருந்தது. பக்கத்து வாளியில் உப்புத் தண்ணீர் கறுத்து நாறியது.

"லாடம் எங்கை?"

"கடல்லை. இண்டைக்கு விடியமுன்னம் கழட்டினனான். ஆணித் துவாரத்தாலை சீழ் பீச்சி அடிச்சது, அப்பா. வந்து மணந்து பாருங்கோ."

"அப்ப எங்களைக் கேட்டதேன்?" பின்னால் வந்த முதலாளியின் குரல்.

"நீங்கள் மனுசரோ எண்டு பாக்க."

முதலாளிக்கு முகம் கறுத்தது. "வெறுங்காலோடை பூட்டு, தவராசா. உனக்கு அறை வேணுமெண்டா."

பூரணி தகப்பனைப் பார்த்தாள். இப்போதாவது ஏலாது என்று சொல்லுவார், ஒருக்கால் சொன்னாலும் போதும் என்று பார்த்தாள். தவராசா சுத்தியலைக் கீழே வைத்தார். ஆணியில் தொங்கிய கடிவாளத்தை எடுத்தார்.

அவள் குதிரையின் கயிற்றை அவிழ்த்தாள்.

"பிள்ளை, விடு. அவர் ஆமிக்குச் சொன்னா..."

"சொல்லுவன். களவெண்டு சொல்லுவன்," என்றார் முதலாளி.

"சொல்லுங்கோ."

கொட்டில் மூலையில், வைக்கோலுக்குள் அவளுடைய பை கிடந்தது. அதற்குள் உப்பு, அரம், வேப்பெண்ணெய்ப் போத்தல், கிழிச்ச சேலைத்துண்டுகள். விடியவே கட்டி வைத்தது. அதைத் தோளில் மாட்டினாள்.

"அப்பா, விலகுங்கோ."

கடிவாளத்தைப் பிடித்தபடியே அவர் விலகினார்.

ரோட்டில் கல்லும் சென்றியும். இடிந்த மதிலால் கடற்கரைக்கு இறங்கினாள். ஈரமணல் குதிரையின் காலுக்கு இதம். கும்புறுபிட்டியில் இருக்கிற சின்னம்மா வீடு வரைக்கும் இதே மணல்தான். குதிரை நொண்டி நொண்டி வந்தது. அது நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.