அழவே மாட்டேங்குது

…இந்நேரம் வீறிட்டிருக்க வேண்டும், பக்கத்து நாற்காலிக் குழந்தை ஊசியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரி இரண்டுபடும்படி கத்துகிறது, இவள் மடியில் இருப்பதோ சுவரில் ஒட்டிய யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டு கம்மென்று கிடக்கிறது, தத்தெடுத்து வந்த நாளிலிருந்து இப்படித்தான், பசித்தால் அழாது, ஈரத்தில் கிடந்தாலும் அழாது… கொழுந்தன் ‘ஊமைக்கோட்டான்’ என்று பெயர் வைத்துவிட்டுச் சிரிக்கிறான், கணவனோ “ராத்திரி தூங்க விடுதே, நாம கொடுத்து வெச்சவங்க” என்கிறான், அவனுக்கு எப்படிச் சொல்வது, தத்தெடுத்த அந்தக் குழந்தைகள் இல்லத்தில் வரிசையாகத் தொட்டில்கள், ஒரு சத்தமில்லை, முதலில் அதை அமைதி என்றுதான் நினைத்தாள், பிறகுதான் உறைத்தது, கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராமல் ஓய்ந்துபோன தொண்டைகள்…

“காலை இறுக்கிப் பிடிங்கம்மா” என்றாள் நர்ஸ். பிடித்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், நடுங்குகிறவர்களின் ஸ்டியரிங்கைப் பக்கத்திலிருந்தே நேராக்குகிற கை, இன்று வியர்த்து வழுக்கியது. ஊசி இறங்கியது. தொடை ஒரு வெட்டு வெட்டியது, கண் விரிந்தது, அவ்வளவுதான், அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அடேயப்பா, தங்கக்கட்டி! அழவே மாட்டேங்குதே!” என்று மெச்சினாள் நர்ஸ். வலித்தால் யாரிடம் சொல்வதென்று தெரியாத பிள்ளையா, இல்லை, சொல்லும்படியான ஆள் நான் இல்லையா, யார் தூக்கினாலும் போகிறதே, நாளைக்கு வேறொருத்தி தூக்கிக்கொண்டு போனாலும் இப்படியே அவள் தோளில் சாய்ந்துகொள்ளுமோ… “கொஞ்சம் வெச்சிருங்க, மருந்து வாங்கிட்டு வந்துடறேன்” என்று நர்ஸிடம் நீட்டினாள். போயிற்று, சமர்த்தாக.

காய்ச்சல் வந்தால் எத்தனை சொட்டு என்று மருந்து கொடுப்பவர் சொல்லிக்கொண்டிருந்தார், ஒன்றும் காதில் ஏறவில்லை, பின்னால் ஓர் அலறல், யார் வீட்டுப் பிள்ளையோ, இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை, கேட்டதே இல்லை… ஐயோ! மருந்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். குழந்தை நர்ஸின் தோளைத் தள்ளிக்கொண்டு, கதவைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தது, அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டியது. “நீங்க அந்தப் பக்கம் போனதுமே அழுகை பிடிச்சுக்கிச்சும்மா” என்றாள் நர்ஸ், குற்றம் செய்தவள் போல, “தட்டிக்கொடுங்க, அடங்கிடும்.”

“அழட்டும்.”

வாய் தவறி வந்துவிட்டது. நர்ஸ் ஒரு மாதிரி பார்த்தாள். ஊசி வலி இப்போதுதான் உறைத்ததோ, என்னைத்தான் தேடியதோ, யாரிடம் கேட்பது, ஈரக் கன்னம் கழுத்தில் ஒட்ட ஒட்ட உள்ளே ஏதோ குளிர்ந்துகொண்டே போகிறது, சே, பிள்ளை துடிக்கிறது, பெற்றவளாக இருந்தால் இப்படிச் சந்தோஷப்படுவாளா… தட்டிக்கொடுக்க எடுத்த கை, இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சமே கொஞ்சம் என்று, முதுகைத் தொடாமல் அப்படியே நின்றது.