அழுக்கு மூட்டை

ஒரு பெரிய படுக்கை விரிப்பை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, தள்ளி நின்று ஓர் உதறு உதறி, பிறகு எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். ஹோட்டலின் அடித்தளத்திலிருந்த அந்தச் சலவைக்கூடத்தில் மடிப்பு மேசை அவளுடையது. அவளுக்கு ஜோடி, துவைக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்பவள். கடல் தாண்டி வந்தவள். தமிழை மெஷின் இரைச்சலுக்கு நடுவிலேயே கற்றுக்கொண்டதால் வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். வாங்க, போங்க எதுவும் கிடையாது. மேனேஜரையே, "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்பாள். அவளுடைய சொந்தப் பெயர் பாட்டு மாதிரி இருக்கிறது என்று மேனேஜர் மட்டும் சொல்லுவார். மற்றவர்களுக்கெல்லாம் அவள் இடி.

அன்றைக்கு விரிப்பின் முனைகளோடு எதிரே நடந்து வந்த இடி, கை சேர்ந்ததும் குனிந்து மடிப்பு மேசைக்காரியின் எட்டு மாத வயிற்றைப் பார்த்தாள். "என்ன அழுக்கு மூட்டை, சாப்பிட்டியா?" என்றாள்.

ஒரு வாரமாகவே இந்தக் கூத்துதான். காலையில் உள்ளே நுழைந்தால், "அழுக்கு மூட்டை வந்துடுச்சு." தண்ணீர் குடிக்க உட்கார்ந்தால், "இந்த நாத்தம் பிடிச்ச மூட்டைய யாரு உள்ள விட்டது?" மற்ற பெண்கள் சிரிப்பார்கள். இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள். அன்றைக்கு முடியவில்லை.

"வாய மூடு! என் புள்ளையப் பத்தி இன்னொரு வார்த்த பேசுன, அவ்ளோதான்."

விரிப்பை அப்படியே போட்டுவிட்டு, சோப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

பாவம், அவள் அழாமல் என்ன செய்வாள்? முதல் குழந்தைக்குக் கணவன்தான் பெயர் தேடினான். லிஃப்ட் மெக்கானிக். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டான். எந்தெந்த நாட்டுப் பெயர்களையோ புரட்டி, கடைசியில் நீண்ட ஆயுள் என்று அர்த்தம் வருகிற ஒரு பெயரைப் பிடித்தான். குழந்தை ஒரு மாதம்கூட முழுசாக இருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுத்தான் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் அவள் எழுந்து போய்விடுவாள்.

அவனோ மறுபடியும் ஃபோனும் கையுமாக ஆரம்பித்துவிட்டான். போன தடவை பெயரில் வலு போதவில்லை என்று அவனுக்குள் ஓர் எண்ணம்.

"இதப் பாரேன். யாராலயும் ஜெயிக்க முடியாததுன்னு அர்த்தமாம். பனி பெய்யிற நாட்டுப் பேரு."

"வேணாங்க."

"சரி, இது? வைரம்னு அர்த்தம். உடையவே உடையாது."

"எதுவுமே வேணாம்னு சொல்றேன்ல!"

அவன் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தான். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இந்தக் குழந்தையாவது தங்க வேண்டுமே என்கிற ஒரே நினைப்பு இரண்டு பேருக்கும் நடுவில் படுத்திருந்தது.

சண்டைக்குப் பிறகு இடியோடு பேச்சு இல்லை. வீராப்பாக விரிப்புகளைத் தனியாகவே மடிக்கப் பார்த்தாள். ஒரு முனையை மேசையில் வைத்து, இன்னொன்றைத் தாடையில் இடுக்கி, வயிறு வேறு குறுக்கே நின்று, விரிப்பு தரையைக் கூட்டிக்கொண்டு போனது. மறுபடி துவைக்க வேண்டியதாகிவிட்டது. அடுத்த விரிப்பை எடுத்தபோது எதிரே இரண்டு முனைகள் மேலே எழும்பின. இடி பிடித்திருந்தாள்.

உதறினார்கள். நடந்து வந்து கை சேர்ந்ததும் இடி விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

"எங்க ஊர்ல ஒரு குழந்த போச்சுன்னா, அடுத்ததுக்கு நல்ல பேரு வைக்க மாட்டாங்க. கொஞ்சவும் மாட்டாங்க. கேவலமா ஒரு பேரச் சொல்லித் திட்டுவாங்க. நல்ல பேருன்னா அது காதுல விழும்ல?"

"எது காதுல?"

இடி கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "அதுதான். கேட்டா, ஆசப்பட்டு எடுத்துட்டுப் போயிடும். அழுக்கு மூட்டைய யாரு எடுப்பா?"

இவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு முன்னால மூணு பேரு. மூணும் ராஜா, ராணின்னு பேரு. ஒண்ணும் தங்கல. எம் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? பாட்டு மாதிரி இருக்குன்னு மேனேஜர் சொல்றானே? குப்பை. வெறும் குப்பை. பாரு, குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன்."

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"சொன்னா அது கேட்டுடும்ல, அறிவே இல்லயா உனக்கு?"

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கணவனிடம் கேட்டாள். "உங்க பெரிய மாமாவ எல்லாரும் ஏங்க குப்பைன்னு கூப்பிடுறாங்க?"

அவன் முகம் சுருங்கியது. அந்தப் பெயருக்கு வெட்கப்பட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட அதைப் போடாதவன். "அவருக்கு முன்னால ரெண்டு குழந்தைங்க..." என்று ஆரம்பித்தவன், பாதியிலேயே நிறுத்திவிட்டான். மாமாவோ எண்பதைத் தாண்டியும் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிற மனுஷன். அவள் இடி சொன்னதைச் சொன்னாள். "மூடநம்பிக்கை" என்றான் அவன். ஆனால் அன்றைக்கு ஃபோனை எடுக்கவில்லை.

குழந்தை பிறந்தது. பெண். நர்ஸ் துடைத்து எடுத்துவந்து காட்டினாள். "அடேயப்பா, என்ன அழகு! ராஜாத்தி மாதிரி இருக்கா. பேரு யோசிச்சு வெச்சிருப்பீங்களே, என்ன எழுதட்டும்?"

அவளுக்குப் பகீரென்றது. கணவன் வாயைத் திறப்பதைப் பார்த்தாள். வைரமா, ஜெயிக்க முடியாததா, எதைச் சொல்லப் போகிறானோ! அவன் திறந்திருந்த கதவைப் பார்த்தான். வராந்தாவில் யாரும் இல்லை. இருந்தாலும் அங்கே யாரோ நின்று ஒட்டுக் கேட்கிற மாதிரி, தேவைக்கு மேலே குரலை உயர்த்தினான்.

"அழகா? இதுவா? என்னம்மா நீங்க! இது ஒரு அழுக்கு மூட்டை."

நர்ஸ் திகைத்துப்போய் அவனைப் பார்த்தாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "நாத்தம் பிடிச்ச மூட்டை" என்று கதவைப் பார்த்து இன்னொரு முறை சொன்னான்.

குழந்தையை வாங்கி, கட்டிலில் விரித்திருந்த துணியின் நடுவில் கிடத்தினாள் அவள். இந்தப் பக்கத்து முனைகள் இரண்டை அவள் எடுத்தாள். அந்தப் பக்கத்து இரண்டையும் அவன் எடுத்தான். குழந்தைக்கு மேலே அவர்கள் கைகள் சேர்ந்தன.