மூடியைத் தொடாதே

ஏலக்காய் நெய்யில் விழுந்ததும் பட்டென்று வெடித்து அவன் கன்னத்தில் தெறித்தது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் துள்ளினான்.

"தீயைக் குறைடா!" உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நெய் கொதிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. சமையல் பண்றியா, வெல்டிங் பண்றியா?"

தீயைக் குறைத்தான். கன்னம் எரிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. காலையிலிருந்து அவள் குரல் இவ்வளவு உரக்க வந்தது இப்போதுதான்.

காலையில் வந்து பார்த்துவிட்டுப் போன நர்ஸ், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள்: "வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க. இன்னிக்குப் பொழுது ஓடினாப் பெரிசு." வர வேண்டியவள் ஒருத்திதான், அக்காவின் மகள். வெளியூரில் வேலை. 'அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல, வந்து பாத்துட்டுப் போ' என்று நேற்றே சொல்லியாகிவிட்டது. பஸ் மதியத்துக்குத்தான் வந்து சேரும்.

அதுவரை அக்காவைப் பிடித்து வைக்க வேண்டும். எப்படிப் பிடித்து வைப்பதென்றுதான் தெரியவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆளை விழுங்கும் ஆழத்துக்கு மேலே பலகையில் உட்கார்ந்து டீ குடிக்கிறவன். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுவான், கூடப் பிறந்தவளை மட்டும் மூணு மாடி ஏற வைப்பான்" என்று அக்கா திரைச்சீலை தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அப்பேர்ப்பட்டவனுக்கு இன்று அவள் படுத்திருக்கும் அறைக்குள் கால் வைக்கவே பயமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பேச்சுக் கொடுத்தால் 'ம்' என்றாள். பிறகு அந்த 'ம்'மும் இல்லை.

திடீரென்று அவளேதான் கண்ணைத் திறந்து சொன்னாள். "குட்டி வர்றா இல்ல? குங்குமப்பூ சாதம் பண்ணு."

"யாரு, நானா? எனக்கு வெந்நி வெக்கவே தெரியாது."

"பின்ன, நான் எழுந்து பண்ணட்டுமா? நான் சொல்றேன், நீ செய்."

"ஹோட்டல்ல வாங்கிட்டு வந்துடறேனே, அக்கா."

"ஹோட்டல் பொட்டலத்துக்கு வாசனை படியிறங்கிப் போகுமாடா?" அவள் மூச்சு வாங்கக் காத்திருந்தாள். "அவ அப்பா போன அன்னிக்கு ஸ்கூல்லேர்ந்து வந்தா. கீழ யாரும் அவகிட்ட ஒண்ணும் சொல்லல. படி பூராவும் செருப்பு. ஒவ்வொரு செருப்பாப் பாத்துக்கிட்டே ஏறி வந்திருக்கா. மேல வந்து நின்னப்போ குழந்தை கவுனை நனைச்சிருந்தா. இன்னிக்கும் அவளுக்கு இந்தப் படின்னா நடுக்கம்தான். இந்தத் தடவை அப்படி வேணாம். எனக்கு எது ஆனாலும், அவ வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தரையும் கூப்பிடாதே. ஒரு செருப்பு வாசல்ல கிடக்கக் கூடாது. சோத்து வாசனைதான் அவளை மேல கூட்டிட்டு வரணும்."

"ஒண்ணும் ஆகாது. சும்மா எதையாவது பேசாதே."

"கேளுடா. வெந்தப்புறம் மூடியைத் தொடாதே. கீழ கேட் கிறீச்சுன்னு சத்தம் போடும் இல்ல, நீ எண்ணெய் விடறேன் விடறேன்னு சொல்லிட்டே இருக்கியே, அது கேட்டதும் மூடியைத் திற. வாசக்கதவையும் திறந்து வை. வாசனை ஒரே மூச்சா இறங்கணும்."

அப்படித்தான் அவன் சமையலறைக்கு வந்து சேர்ந்தான். அரிசியைக் களைந்து ஊற வைத்தான். குங்குமப்பூ, ஒரு பெரிய வீட்டுக்குத் திரை தைத்தபோது அந்த வீட்டம்மாள் பிரியத்தோடு கொடுத்தது. நகைபோல அதைத் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தாள் அக்கா. டப்பா தீப்பெட்டியைவிடச் சின்னது. "கிள்ளிப் போடு, அள்ளிப் போடாதே, கசந்துடும்" என்று உள்ளேயிருந்து ஆணை வந்தது. வெதுவெதுப்பான பாலில் இழைகள் மிதந்தன. ஒன்றும் நடக்கவில்லை. "நிறமே வரலையே, போலியா?" என்றான். "அவசரக்குடுக்கை! நல்ல பூ மெதுவாத்தான் நிறம் விடும்" என்றாள்.

ஏலக்காய் வெடித்துத் திட்டு வாங்கிய பிறகுதான் அவனுக்கு அந்த வழி பிடிபட்டது. பிசகினால் அக்கா பேசுகிறாள். முந்திரியைப் போட்டுவிட்டுத் தெரிந்தே ஒரு நிமிஷம் கிளறாமல் நின்றான்.

"தீயுது, தீயுது! மூக்கை அடகு வெச்சுட்டியா?"

"இல்லக்கா, பாத்துட்டேன்."

திராட்சையை ஈரத்தோடு போட்டுச் சடசடக்க வைத்தான். அதற்கு ஒரு திட்டு. அரிசியைக் கரண்டியால் அமுக்கிக் கிளறினான். "உடைச்சுத் தொலைக்காதே, கஞ்சியா காய்ச்சுற?" என்று இன்னொன்று. ஒவ்வொரு திட்டையும் கையேந்தி வாங்கிக்கொண்டான். பெற்றவளிடம்கூட இவ்வளவு ஆசையாகத் திட்டு வாங்கியதில்லை. ஆனால் திட்டுகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. நடுவில் விழுந்த இடைவெளிகள் நீண்டன.

தண்ணீர் கொதித்து அரிசியின் மட்டத்துக்கு இறங்கியபோது குங்குமப்பூப் பாலை ஊற்றினான். மஞ்சள் திட்டுத் திட்டாகப் பரவியது. "ஊத்திட்டேன்க்கா."

"கிளறாதே... மூடு." நூல் கண்டிலிருந்து கடைசி இழையை உருவுவதுபோல் வந்தது குரல். "சின்னத் தீ."

மூடினான். ஈரத்துணியை விளிம்பில் சுற்றினான். இனிமேல் பிசகுவதற்கு எதுவும் மிச்சமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கரண்டியை எடுத்துப் பாத்திரத்தின் விளிம்பில் டங்கென்று தட்டினான். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. கரண்டியை விளிம்பில் தட்டுகிறவன் வீடு விளங்காது என்று சின்ன வயதிலிருந்து அவன் முதுகில் போட்டிருக்கிறாள்.

பதில் வரவில்லை.

இன்னொரு முறை, பலமாகத் தட்டினான்.

"அக்கா, கரண்டியைத் தட்டிட்டேன்."

அடுப்பு மட்டும் உஸ்ஸென்றது. இரண்டு மாடி தள்ளி ஓடும் மோட்டாரின் சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன், மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தான். பக்கத்து அறை அவனுக்குக் கேட்கவில்லை.

அறைவாசலில் அக்கா தைத்த நீலத் திரை தொங்கியது. அதை விலக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விலக்கினான். அவள் முகம் சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. வாய் எதையோ சொல்லத் தொடங்கியதுபோல் லேசாகத் திறந்திருந்தது. கையைத் தொட்டான். சூடாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மணிக்கட்டு, கழுத்து, மூக்கு என்று விரலை வைத்து வைத்துப் பார்த்தான். தன் விரல் துடிப்பதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டான். அப்புறம் வாசலுக்கு ஓடினான். இரண்டு படி இறங்கிவிட்டான். கீழ்வீட்டு டீச்சர் கதவு திறந்திருந்தது. யாரையோ அதட்டிப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும், தங்கமான மனுஷி, ஓடி வருவாள். அவளைப் பார்த்து எதிர்வீடு வரும். பிறகு தெருவே வரும். அவன் படிகளைப் பார்த்தான். சுத்தமாக இருந்தன. திரும்பி ஏறி, வாசலில் கிடந்த தன் செருப்பையும் எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான்.

சாதம் வெந்துவிட்டதா என்று தெரியவில்லை. "போதும், அணைச்சிடு" என்று சொல்ல வேண்டியவள் சொல்லாமல் போய்விட்டாள். மூடியருகே காதை வைத்தான். தண்ணீர்ச் சத்தம் நின்று அடியில் மெல்லிய படபடப்பு கேட்டது. ஓ, இதைக் கேட்டுத்தான் அவள் அங்கிருந்தே சொல்லியிருக்கிறாள். அணைத்தான். பிறகு முன்னறைச் சுவரோடு உட்கார்ந்து, நீலத் திரையையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். காற்றில் திரை அசைந்தபோதெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது.

போன் அடித்தது.

"மாமா, பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன். ஆட்டோல வந்துட்டிருக்கேன். அம்மா எப்படி இருக்கா?"

"நீ வா" என்றான்.

"ஏன் மாமா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அடுப்பங்கரையில நிக்கிறேன். குங்குமப்பூ சாதம்... அம்மா பண்ணச் சொன்னா."

"நீங்களா? ஐயோ! அப்ப அம்மா உங்களைத் திட்டியே தீத்திருப்பாளே!"

"காலையிலேர்ந்து திட்டுதான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பாடா. நான் வழியெல்லாம் என்னென்னவோ நினைச்சுப் பயந்துட்டு வந்தேன், மாமா. போனை அம்மாகிட்டக் குடுங்களேன்."

"வந்துதான் பாரேன்" என்று சொல்லிப் போனை வைத்தான்.

இப்போது புதிய பயம் பிடித்துக்கொண்டது. அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஏறி வருவாள். வாசனையும் போய்ச் சேர்ந்தால் நம்பியே விடுவாள். மேலே வந்ததும் அவன் முகத்தில் என்ன பார்ப்பாள்? ஏன் மாமா என்னை ஏமாத்தினீங்க என்று கேட்டால் என்ன சொல்வது? ஓடிப்போய்க் கேட்டிலேயே நிறுத்திச் சொல்லிவிடலாம். அப்படியானால் அவளும் அழுதுகொண்டேதான் அந்த மூன்று மாடியையும் ஏற வேண்டும், திரும்பவும். மூடியைத் திறக்காமலே விட்டால்? வாசனையில்லாத, சத்தமில்லாத படி. அதுவும் அவளுக்குத் தெரிந்த படிதான்.

கீழே கேட் கிறீச்சிட்டது.

அவன் எழுந்தான். வாசக்கதவை அகலத் திறந்து வைத்தான். அடுப்பருகே போய் ஈரத்துணியை அவிழ்த்தான். ஒரு கணம் நீலத் திரையைப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தான்.

ஆவி முகத்தில் அடித்தது. நெய்யும் ஏலமும், அவற்றுக்கு மேலே குங்குமப்பூவும், அக்கா சொன்ன மாதிரியே ஒரே மூச்சாகக் கிளம்பின. ஒரு பருக்கைகூட உடையவில்லை.

கீழ்ப்படியில் நிதானமாக வந்துகொண்டிருந்த காலடி ஓர் இடத்தில் நின்றது. பிறகு வேகமெடுத்தது. "அம்மா! கீழ வரைக்கும் வாசனை வருது! மாமாவை நல்லாப் பழக்கிட்ட போ!" இரண்டாம் மாடித் திருப்பம் வந்ததும் இரண்டிரண்டு படிகளாகத் தாவத் தொடங்கினாள்.

அவன் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றான். அதன் உட்புறத்திலிருந்து ஆவித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவன் பாதத்தில் விழுந்தது. சூடாக இருந்தது, காலை நகர்த்தவில்லை. வெறுமையாக இருந்த வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கழன்று விழுந்தது.