வேர்க்குருவைக் காயத்தில் போட்டவள்

வேர்க்குரு என்ற சொல்லைக் 'காயங்கள்' கிளையில் போட்டுவிட்டு, அன்புக்கரசி கைபேசியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வேர்க்குரு காயமில்லை, தோல் நோய் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. முழங்கால் மக்கர் செய்யும்வரை விருத்தாசலத்தில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸாக இருந்தவள். இப்போது வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மருத்துவச் சொற்களை வகை பிரித்துக் கொடுக்கிறாள். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரு நோயை ஒரே பெயரால் சொல்ல வேண்டுமாம். அதற்காக ஒவ்வொரு சொல்லையும் நோய், அறிகுறி, காயம் என்று ஏதாவது ஒரு கிளையில் உட்கார வைத்து, ஒரு வரியில் விளக்கமும் எழுத வேண்டும்.

அந்த வேலையில் ஒரு முறை இருந்தது. ஒரே சொல் இரண்டு பேருக்குப் போகும். ஒருவர் எங்கே போட்டார் என்பது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் ஒத்துப்போனால் அந்தச் சொல்லின் வேலை முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால் திரையில் சிவப்பு விழும், இருவரும் போனில் பேசித் தீர்க்க வேண்டும். அவளுக்கு ஜோடி தனக்கோடி, திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் மங்களூர் கிராமத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கிராம சுகாதார நர்ஸ். நேரில் பார்த்துக்கொண்டதில்லை. முதலில் இடித்தது காமாலையில்தான். தனக்கோடி நோய் என்றாள், இவள் அறிகுறி என்றாள். அந்தப் பேச்சு காமாலையில் தொடங்கி, கீழாநெல்லி, தனக்கோடியின் மாமியார், மழை, சோளக்காடு என்று எங்கெங்கோ போய்விட்டு வந்தது. போனை வைத்தபோது அன்புக்கரசிக்குத் தொண்டை வலித்தது. அவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள்.

கணவர் பழமலைநாதன் போன பிறகு அந்த வீட்டில் பேச ஆளில்லை. பெங்களூரில் இருக்கும் மகள் வெண்பா, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவாள். பக்கத்துப் பீங்கான் கம்பெனியில் மண் அரைக்கும் மிஷின் ஓடுகிறவரை வீட்டில் ஏதோ ஒரு சத்தம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. ஜன்னல் கம்பியில் படிந்த வெள்ளைப் பொடியைத் துடைத்துவிட்டு, மறுபடியும் துடைப்பாள். தனியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. அதனால்தான் விக்கலைக் கொண்டுபோய் நோய்களில் போட்டாள், அடுத்த நாள் கொட்டாவியை. இன்றைக்கு வேர்க்குரு.

சிவப்பு விழுந்தது. போன் வந்தது.

"வேர்க்குரு எப்படிம்மா காயமாவும்?"

"சொறிஞ்சா காயமாயிடுதில்லக்கா."

வழக்கமாகச் சிரிக்கிற தனக்கோடி சிரிக்கவில்லை.

"கம்பெனிலேர்ந்து பிரவீன் தம்பி பேசுனாருமா. நம்ம ரெண்டு பேருக்குந்தான் ரொம்ப இடிக்குதாம். ஒருத்தருக்கு வேல சரியா வரலன்னாரு. எனக்குத்தான் மூள மழுங்கிப்போச்சு. இத்தினி வருசம் ஊசி போட்டவளுக்கு விக்கல் இன்னான்னு சந்தேகமா இருக்குது. நான் நின்னுக்கறேன்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"அவசரப்படாதீங்கக்கா."

"மருமவ முன்னாடி கம்ப்யூட்டர்ல உக்காந்தா வூட்ல ஒரு மரியாத இருந்துது. அவ்ளோதான் போ."

தன் தனிமைக்கு யாரைப் பலி கொடுத்தோம் என்பது அப்போதுதான் அன்புக்கரசிக்கு உறைத்தது. அன்று மத்தியானமே மேற்பார்வையாளர் பிரவீன்குமாருக்குப் போன் செய்து, தப்பெல்லாம் தன்னுடையது, தெரிந்தே செய்தது என்றாள்.

"ஏன் மேடம்?"

"அவங்க கூட பேசணும்னுதான் தம்பி."

அவன் கோபப்படாமல், அவளுக்கு எழுத்துப்பிழை பார்க்கும் வேலையை மாற்றித் தருவதாகச் சொன்னான். அதற்கு ஜோடி தேவையில்லை, ஒருவரே பார்த்துக்கொள்ளலாம்.

"சரிங்க தம்பி. அக்கா போட்டதெல்லாம் சரிதான்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

அதன் பிறகு போன் வரவில்லை. தனக்கோடியின் எண் இருக்கத்தான் இருந்தது. ஆனால் ஒரு சொல்லை முன்னால் வைக்காமல் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. எடுத்தவுடன் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டால் ஏன் செய்தாய் என்பாள். பிரவீன் எதுவரை சொன்னானோ. எழுத்துப்பிழைகள் மளமளவென்று முடிந்துகொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மிஷினும் ஓடாத அமைதியில், அவளே கூப்பிட்டாள்.

"சொல்லும்மா, இன்னா வார்த்த?" என்றாள் தனக்கோடி, பழக்கதோஷத்தில்.

"வார்த்த ஒண்ணுமில்லக்கா."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழுதது. வைத்துவிடப் போகிறாள் என்றுதான் அன்புக்கரசி நினைத்தாள்.

"செத்த இரு," என்றாள் தனக்கோடி.

செருப்புச் சத்தம் நகர்ந்தது. கதவு சாத்தப்பட்டு, டிவியும் அழுகையும் தூரப்போயின. பிறகு, நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.