காலையில் இரண்டு, இரவில் இரண்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் திருடினேன். சொந்த அக்காவிடமிருந்துதான்.

அக்கா ஒரு வைத்தியரிடம் கேப்சூல் அடைக்கிறாள். பதினோரு வருடமாக. அவர் முன்னறையில் ஆளைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, ஆளுக்கொரு சீட்டு எழுதுவார். பின்னறையில் இவள் சீட்டுப்படி பொடிகளை நிறுத்து, சலித்து, கலந்து, கேப்சூலில் அடைத்து, புட்டியில் லேபிள் ஒட்டிக் கொடுப்பாள். போன மாதம் சாப்பிடும்போது ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, "இதை எழுதிக் கிழுதித் தொலைச்சிடாதே" என்றாள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தால் என்ன ஆகும்? அன்றே தொடங்கிவிட்டேன்.

"மழை பெய்யும் மாலையில், மூலிகை மணம் கமழும் அறையில், அவளது மெல்லிய விரல்கள்

அக்கா எட்டிப் பார்த்தாள். "மணம் கமழுதா? ஒரு நாள் வந்து உக்காரு, தும்மித் தும்மி மூக்கே கழண்டுடும். மழை பெஞ்சா கேப்சூல் பிசுபிசுன்னு ஒட்டும்டா. அன்னைக்கு எவ அடைப்பா?"

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. விரல்கள் அப்படியே கிடக்கட்டும்.

2

கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நூறு குழி வைத்த பலகை. குழிக்கொரு கேப்சூலின் அடிப்பாகம். மேலே பொடியைக் கொட்டி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, தட்டி, அழுத்தி, மறுபடி வழித்து, மூடி போட வேண்டும். கேப்சூலில் எண் ஏற ஏற அளவு இறங்கும். பூஜ்யம் பெரியது. மூன்றாம் எண் சின்னது. அழுத்தி அடைத்தால் பூஜ்யத்தில் பாதி பிடிக்கும். (இப்படி எண் போட்டவர் கணக்கில் பூஜ்யம் வாங்கியவராக இருக்க வேண்டும்.)

நோயாளிகளுக்குப் பெயர் வைக்கப் பார்த்தேன். அக்கா விடவில்லை. அவளுக்கு எல்லோரும் வியாதிதான். "மூட்டுவலி பொண்ணுக்குக் கல்யாணமாம்," "தூக்கமின்மை இன்னைக்கு வண்டியிலயே தூங்கிட்டாராம்." நம் கதாநாயகர் ஏப்பம். ரிட்டயர்டு பஸ் டிரைவர். மூன்று வார்த்தைக்கு ஒரு ஏப்பம் விடுவார். முகவரி சொல்லி முடிக்கவே ஐந்து நிமிடம் ஆகும்.

முதல் மாத மருந்தில் ஏப்பம் நிற்கவில்லை, தலைதான் சுற்றியது. குளியலறையில் விழுந்து நெற்றியில் நாலு தையல். வெயில் என்றார் வைத்தியர்.

இரண்டாம் மாதம் அடைக்க உட்கார்ந்தபோது பூஜ்யம் தீர்ந்திருந்தது. அக்கா அதே பொடியை மூன்றாம் எண்ணில் அடைத்தாள். நூற்றிருபதுக்குப் பதில் இருநூற்று நாற்பது, இரண்டு புட்டி. லேபிளில் "காலையில் நான்கு, இரவில் நான்கு" என்று எழுத வேண்டும்.

பழக்க தோஷம். இரண்டு, இரண்டு என்று எழுதிவிட்டாள்.*

3

மாதம் முடிந்து அவர் பின்னறை ஜன்னலுக்கு வந்தார். பேசினார். அக்காவுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. யோசித்தால், ஏப்பம் குறைகிறது!

"போயே போச்சும்மா! தலைசுத்தலும் இல்ல. என்ன ஒண்ணு, ஒரு புட்டி பிரிக்காம அப்படியே இருக்கு. வேணும்னா திருப்பி எடுத்துக்கறியா?"

அக்கா அதை வாங்கித் திருப்பினாள். லேபிளைப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். மனுஷன் ஒரு மாதமாகப் பாதி மருந்துதான் சாப்பிட்டிருக்கிறார், அதில்தான் குணமாகியிருக்கிறார்.

"பையிலயே வைங்க. முதல்ல வைத்தியரைப் பார்த்துட்டு வாங்க."

முன்னறையில் வைத்தியருக்கு ஒரே பூரிப்பு. "நான் சொன்னேன் இல்ல? மருந்து கேக்குது. இன்னும் அரைப் பங்கு ஏத்தினா வேரோட போயிடும்" என்று புதுச் சீட்டு எழுதினார். பாதி மருந்தில் குணமானவருக்கு ஒன்றரை மடங்கு.

சீட்டு பின்னறைக்கு வந்தது. அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நோயாளியிடம் பொய் சொன்னாள். "இந்தப் பொடி காயறதுக்கு ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் மிச்சப் புட்டியைச் சாப்பிடுங்க. லேபிள்ல இருக்கற மாதிரியே."

* அடிக்குறிப்பு: பழக்க தோஷம் என்றது பொய். லேபிள் எழுதும்போது அவளுக்கு ஒரு போன் வந்தது. எவனோ தன் புதுக் கதையின் முதல் பத்தியைப் படித்துக் காட்ட, அவள் "ம்… ம்…" என்றபடி எழுதியிருக்கிறாள். எவனோ என்ன எவனோ. நான்தான். பத்தியும் சுமார்தான்.

4

கதைக்கு வில்லன் வேண்டுமே என்று வைத்தியரைக் கறுப்புக் கண்ணாடியும் கனத்த குரலுமாக எழுதினேன்.

"அவர் நல்ல மனுஷன்டா," என்றாள் அக்கா. "எனக்கு டைபாய்டு வந்தப்போ ரெண்டு மாசம் அவரே உக்காந்து அடைச்சார். கோணல் மாணலா அடைச்சார். கெட்டவரா இருந்தா புதுச் சீட்டு வந்த அன்னைக்கே லேபிள் விஷயத்தை மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்திருப்பேன்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். கதை இன்னும் சிக்கலாகிவிட்டது.

5

மூன்று முடிவுகள் எழுதி அவளிடம் நீட்டினேன்.

முதலாவதில் அக்கா சொல்லிவிடுகிறாள். வைத்தியர் வாசலைக் காட்டுகிறார். "நடக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவதில் அவள் வாயே திறப்பதில்லை. மாதாமாதம் பாதியே கொடுக்கிறாள், எல்லோரும் சௌக்கியம். "தெரியாம பண்ணா தப்பு. தெரிஞ்சே பண்ணா நான் வைத்தியம் பாக்கறேன்னு அர்த்தம். ஏப்பத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேப்பே?"

மூன்றாவதில் வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்து, அவளைத் தட்டிக்கொடுக்கிறார்.

அக்கா தாளைக் கீழே வைத்தாள். "இது கதைக்காக எழுதலடா. உன் மனசு ஆறணும்னு எழுதியிருக்கே."

மூன்று தாளையும் மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அவள் வேலை போனால் அதற்கு என் சுமாரான பத்தி காரணம்.

"நானே சொல்லிக்கறேன்," என்றாள். "போன் வந்ததைச் சொல்ல மாட்டேன், எழுதினது என் கைதான். ஆனா என் வாயால அவர் கேக்கற வரைக்கும் நீ இதை எங்கேயும் குடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

6

மிச்சப் புட்டி தீர இன்னும் ஒன்பது நாள். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த வாரப் பத்திரிகை ஏழாவது நாள் வரும். வைத்தியர் வீட்டு முன்னறை நாற்காலியிலும் ஒரு பிரதி கிடக்கும்.

ஆக, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. அக்கா எழுந்து போய்ச் சொல்லிவிட்டாள், நான் வாக்கைக் காப்பாற்றினேன். அல்லது தினமும் கதவு வரை போய்த் திரும்பினாள், நான் அவளைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன். எது என்று என்னிடம் கேட்காதீர்கள். திருடன் சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

வைத்தியரய்யா, நீங்களும் படித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? இது உங்களுக்குப் பழைய செய்தி என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். புதுச் செய்தி என்றால் முதலில் பின்னறைக்குப் போய் அந்த ஒன்றரைச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். யாரைத் திட்டுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் விலாசம் அக்காவிடம் இருக்கிறது.