இப்ப எங்கே தொடுறேன், சொல்லு!

நாலாவது மாடி லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறந்தான் ரேடியோ. பெட்டியின் கூரைமேல் மண்டியிட்டிருந்த பல்பு சிரித்துக்கொண்டிருந்தான்.

“முடிஞ்சுது மாப்ளே! ரெண்டு பக்கமும் எண்ணெய் விட்டாச்சு. இனிமே இது பூனை மாதிரி ஏறும், பூனை மாதிரி இறங்கும்.”

ரேடியோ பதில் சொல்லவில்லை. அபூர்வம். நாள் முழுக்க வாய் மூடாததால்தான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?”

“உன் மூஞ்சி...”

பல்பு கன்னத்தைத் தடவினான். இவ்வளவு நேரமும் வேர்வை என்று நினைத்திருந்தான். விரல் சிவப்பாக வந்தது.

“யாரோடது இது?”

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

பன்னிரண்டு வருடமாக இருவரும் ஒரே லிஃப்ட் கம்பெனியில் ஜோடி மெக்கானிக்குகள். ஒருவன் பெட்டியின்மேல் ஏறினால் இன்னொருவன் வெளியே நிற்பான். இருபத்தைந்து வயதிலேயே உச்சி பளபளத்துவிட்டதால் ஒருவன் பல்பு. அதில் அவனுக்குக் கோபமே கிடையாது. சொல்லப்போனால் அந்த வழுக்கை தொழிலில் கூட்டாளி. பெட்டி மேலே ஏறும்போது, எதிர்ப்பக்கம் ஒரு இரும்புப் பாரம் கீழே இறங்கும். இருட்டில் அது வருவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது தள்ளிக்கொண்டு வரும் காற்று வழுக்கையில் பட்டதும் பல்பு தலையை உள்ளே இழுத்துக்கொள்வான். சூப்பர்வைசர் கண்ணில் படாத இடத்தில் ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பதற்கு அதுதான் காரணம். யாராவது கேட்டால் புழுக்கம் என்பான்; ரேடியோவுக்கு மட்டும் நிஜம் தெரியும்.

பிறகு எதற்கு முடி நட்டுக்கொண்டான்?

போன வருடம் மகளின் பள்ளியில் விளையாட்டு விழா. தண்ணீர் பாட்டிலோடு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். அவளுடைய வகுப்புப் பெண் ஒருத்தி, “உங்க தாத்தா வந்திருக்காரே” என்றாள்.

மகள் திரும்பிப் பார்க்காமலே, “ஆமா” என்றாள்.

அவ்வளவுதான். பல்பு பாட்டிலைக் கொடுத்தான். சாயங்காலம் வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டான். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. ஆறு மாதம் கழித்து, முடி நடப்போகிறேன் என்று மட்டும் சொன்னான்.

“எனக்கு ஒண்ணும் குறையா தெரியலீங்களே” என்றாள் அவள்.

“சும்மா, ஒரு ஆசைம்மா.”

கம்பெனியில் சைனஸ் ஆபரேஷன் என்று சொல்லி லீவு போட்டான். ரேடியோவிடமும் அதே கதைதான். அவனிடம் சொன்னால் ஒன்பது மாடிக்கும் ஒலிபரப்பாகிவிடும்.

பின்மண்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி முன்னால் நட்டார்கள். மூன்றாம் நாள் நெற்றியில் இருந்த வீக்கம் கண்ணுக்கு இறங்கியது. மகள் அவனைப் பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“கண்ணாடி பாக்காதீங்க” என்றாள் மனைவி. “நானே பாக்காம இருக்கத்தான் பாக்கிறேன்.”

தலை எதிலும் உரசக்கூடாது என்பதால் பஸ்ஸில் தூங்குவதுபோல உட்கார்ந்தே தூங்கினான். வீக்கம் வடிந்தது. பொருக்கு உதிர்ந்தது. அரிப்பு வந்தது. ஆனால் அரிக்கும் இடம் எது என்றுதான் தெரியவில்லை, ஏனென்றால் நெற்றி மேட்டிலிருந்து உச்சி வரை மரத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரன் தலையை வாங்கி வைத்துக்கொண்டதுபோல இருந்தது.

“உணர்ச்சி மெதுவா வரும். சில மாசம் ஆகலாம்” என்றார் டாக்டர். “நட்ட முடியும் முதல்ல கொட்டும், பயப்படாதீங்க. வேர் உள்ளேதான் இருக்கும், மறுபடி முளைக்கும். ஒரு மாசத்துக்கு ஹெல்மெட் மட்டும் வேண்டாம்.”

அடுத்த விளையாட்டு விழாவுக்குள் முளைத்துவிடும். பல்பு அதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான்.

மருந்துத் தண்ணீர் தெளிக்கும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். செடிக்கு ஊற்றுகிறாளாம். தெளித்து முடித்ததும் ஒரு விளையாட்டு. பின்னால் நின்று, தலையில் விரல் வைத்து, “இப்ப எங்கே தொடுறேன், சொல்லு!” என்பாள்.

“வலது பக்கம்.”

“நான் இன்னும் தொடவே இல்லப்பா!”

விழுந்து விழுந்து சிரிப்பாள். அவனும் கூடச் சிரிப்பான். ஒரு காலையில் எழுந்தபோது, நட்டதில் பாதி தலையணையில் கிடந்தது. டாக்டர் சொன்னதுதான் நடக்கிறது என்று உதறிவிட்டு, துணித் தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். லீவு முடிந்திருந்தது.

ஹெல்மெட் எங்கே என்று ரேடியோ கேட்டதற்கு, “சைனஸ்டா. நெத்தியில எதுவும் அழுத்தக் கூடாதாம்” என்றான்.

லிஃப்ட் பெட்டியின்மேல் ஏறினான். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தொப்பியையும் கழற்றினான். எண்ணெய்க் குப்பியோடு ஓரத்தில் எட்டிக் குனிந்தான். பெட்டி ஏறியது. எதிர்ப்பாரம் இறங்கியது. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் காற்றுக்காகக் காத்திருந்தான்.

காற்று வந்தது. தலைக்குத்தான் தெரியவில்லை. பாரத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முன்னந்தலையைக் கீறிக்கொண்டு போனதும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றினாள். “மரத்துப் போக ஒரு ஊசி போடுறேன். கொஞ்சம் சுருக்குனு இருக்கும்.”

“வேண்டாம்மா. ஏற்கெனவே மரத்துத்தான் இருக்கு.”

அவள் நம்பவில்லை. ஊசி நுனியால் குத்திப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே தைத்தார்கள். நூல் இழுபடும்போது தோல் நகருவது மட்டும், வேறு யாருடைய சட்டையையோ தைப்பதுபோலத் தெரிந்தது.

“தையல் போட்ட கோட்டுல முடி முளைக்காதுங்க” என்றாள் நர்ஸ்.

“சரிம்மா.”

வெளியே பெஞ்சில் ரேடியோ. டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். கேலி செய்வான் என்று பல்பு காத்திருந்தான்.

“முடி வெச்சுக்கோ, கொண்டை போட்டுக்கோ. எனக்கென்ன?” என்றான் ரேடியோ. “தலை மரத்துப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னியாடா? உனக்குக் காத்து தெரியும்னு நம்பி நான் வெளியில நின்னு டீ குடிச்சுட்டிருந்தேன். இன்னும் ஒரு விரல்கடை நீ எட்டியிருந்தா, உன் பொண்டாட்டிகிட்ட யார் போய்ச் சொல்றது? நான்தானே?”

பல்பு பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“டீ நல்லா இருந்துதா?” என்றான்.

“போடா, நாயே” என்று ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் எழுந்து போகவில்லை.

சூப்பர்வைசர் அவனை உதிரிபாக ஸ்டோருக்கு மாற்றினார். தலையில் உணர்ச்சி வந்து, ஹெல்மெட்டும் ஏறிய பிறகு பார்க்கலாம் என்றார். பல்பு அதற்கும் சரி என்றான்.

சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். மனைவிக்கு அன்று டூட்டி.

“நீங்கதான் போகணும்” என்றாள்.

“இந்தத் தலையோடவா?”

“வேற தலை இருக்குதா என்ன?”

கிளம்பும் நேரத்தில் மகளின் இடது ஷூவில் வார் அறுந்தது. பல்பு தன் பையிலிருந்து, ஒயர் கட்டும் சிவப்பு பிளாஸ்டிக் பட்டையை எடுத்து இறுக்கிவிட்டான். தொப்பியைப் புருவம் வரை இழுத்துக்கொண்டான்.

“வலிச்சுதாப்பா, தைக்கும்போது?” என்று வழியில் கேட்டாள்.

“இல்லடா.”

“அழுதியா?”

“இல்ல.”

அவள் ரொம்ப நேரம் எதையோ யோசித்துக்கொண்டே வந்தாள்.

வகுப்பு வாசலில், விளையாட்டு விழாவில் பார்த்த அதே பெண். பல்புவுக்கு முகம் மறக்கவில்லை. அவள் வாயைத் திறக்கும் முன்னால் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல ஒதுங்கப் பார்த்தான். மகள் கையை விடவில்லை.

“உங்க தாத்தாவா?”

“எங்கப்பாடி இது!” மகளின் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. “லிஃப்ட்டுக்குள்ள இரும்பு இடிச்சு, மண்டையே கிழிஞ்சுபோச்சு. ஊசி போடாமலே தச்சாங்க. எங்கப்பா அழவே இல்ல!”

“பொய்!”

“அப்பா, குனி.”

குனிந்தான். அவளே தொப்பியைப் பிடுங்கினாள். பாதி கொட்டிய முடி, சிவந்த தோல், குறுக்கே கறுப்பு நூல். சுற்றிலும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

“தொட்டுப் பாக்கலாமா?”

“வரிசையா வாங்க. தையலைத் தொடக்கூடாது, பக்கத்துல மட்டும்.” மகள் கண்டக்டர்போலக் கட்டளையிட்டாள். “ஐயோ, வலிக்குமே” என்று யாரோ சொன்னதற்கு, “எங்கப்பாவுக்கா?” என்றாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். குட்டிக் கைகள் தலைமேல் போய்த் திரும்புவதை நிழலில் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை ஷூ போனது, கறுப்பு ஷூ வந்தது.

“அப்பா! இப்ப தொடுறது யாரு, சொல்லு!”

குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியாத அளவுக்கு இரைச்சல். முன்னால் நின்ற இடது ஷூவில் சிவப்புப் பட்டை இருந்தது.

“நீதான்.”

அவள் குதித்த குதியில் பட்டை அறுந்து தெறித்தது.

“தெரிஞ்சிடுச்சு! எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சு!”

அவன் நிமிரவில்லை. கையை நீட்டித் துழாவி, அறுந்த பட்டையைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வரிசையில் அடுத்து நின்றவள், தாத்தா என்று கேட்ட அந்தப் பெண். அவளுக்கு எட்டட்டும் என்று இன்னும் கொஞ்சம் குனிந்துகொடுத்தான்.