அக்காவின் கைக்கு எந்த லென்ஸ்

மாலை ஐந்து மணிக்குள் வீடியோ போய்ச் சேர வேண்டும். மணி இரண்டரை. அக்கா சலவைக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, தலை சீவி, ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் இன்னும் கட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தால்தான் எங்கள் அறையில் கேமராவுக்கு இடம்.

அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. காது கேளாத குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் கதை சொல்லும் ஆசிரியை தேவையாம். சைகை மொழியில் மூன்று நிமிடக் கதை ஒன்றைச் சொல்லி வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பதினோரு வருஷம் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் வெந்தவள். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் அவள் உடைந்துபோவாள் என்று எனக்குத் தெரியும்.

வீடியோ எடுப்பது என் பிழைப்பு. பிறந்தநாள், கடை திறப்பு, எது வந்தாலும் எடுப்பேன். என் கேமரா இரண்டு கை மாறி என்னிடம் வந்த, இருப்பதிலேயே சின்ன டிஎஸ்எல்ஆர். பன்னிரண்டு நிமிடம் ஓடினால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அதோடு வந்த சாதாரண கிட் லென்ஸ் முன்னால் பின்னால் எல்லாவற்றையும் ஒரே தெளிவில் காட்டும், அதனால் அதை அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டேன். என் செல்லம் ஐம்பது எம்எம் லென்ஸ். அதன் துளையை முழுசாகத் திறந்தால் முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும். பின்னால் இருக்கிற பீரோ, துணிக்கொடி, ஈரத்துண்டு எல்லாம் கரைந்துபோகும். எங்கள் வீட்டை அழகாகக் காட்டக்கூடிய ஒரே பொருள் அதுதான்.

ஒரே தொல்லை, அந்த லென்ஸுக்கு இடம் வேண்டும். அக்கா இடுப்பு வரைக்கும் தெரிய வேண்டுமென்று பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் வாளிக்கும் கழிப்பறைக் கோப்பைக்கும் நடுவில் குளியலறைக்குள் நின்றேன்.

"அங்க என்னடி பண்றே?" என்றாள் அக்கா. அவள் குரல் வெளியாளுக்குப் பிடிபடாது. எங்களுக்குப் பழக்கம்.

"கலை படைக்கிறேன். பேசாம ஆரம்பி," என்று வாயை அகலமாக அசைத்தேன்.

நாலு முறை எடுத்தோம். முதல் மூன்றில் ஏதோ தடங்கல். நாலாவதில் அக்கா பிய்த்து உதறிவிட்டாள். புருவம் ஏறி இறங்குகிறது, கண் சிரிக்கிறது, சட்டென்று கலங்குகிறது. நான் கேமரா திரையில் அவள் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். அரை நிமிடத்தில் அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

"கை எங்கடி?"

"இதோ இருக்கே!"

"இது கையா? புகை மாதிரி இருக்கு. நான் பேசுறதே கையிலதான். என் வாயைக் கட்டிப்போட்டுட்டு மூஞ்சிய மட்டும் படம் எடுத்திருக்க."

அப்போதுதான் பார்த்தேன். கதை சொல்லும்போது கை முகத்துக்கு ஒரு முழம் முன்னால் வருகிறது. ஃபோகஸ் முகத்தில். விரல்கள் எல்லாம் மங்கிய கோடுகள். இதைக்கூடப் பார்க்காமல் எப்படி எடுத்தேன்? காரணம் கேவலமானது. எனக்குச் சைகை மொழி தெரியாது. அது அவள் பள்ளி விடுதியில் கற்றது. வீட்டில் அவள்தான் எங்கள் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அவள் கையைப் பார்த்துப் புரிந்துகொள்ள நாங்கள் யாரும் மெனக்கெடவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்படவும் நேரமில்லை, மணி மூன்றே முக்கால்.

கிட் லென்ஸைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டினேன். குளியலறையை விட்டு வெளியே வந்து அக்காவுக்கு எதிரிலேயே நின்றேன். முகம், கை, விரல் எல்லாம் தெளிவு. கூடவே பீரோவும் ஈரத்துண்டும் தெளிவு. அக்கா இஸ்திரி போட்டு வைத்திருந்த பெட்ஷீட்டைப் பிரித்துப் பின்னால் கட்டினேன். விரல் வேகமாகப் போகும்போது படத்தில் கோடாக இழுபட்டது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன், படம் இருண்டது. பார்த்துக்கொண்டே இருந்த மேகத்துக்கும் அப்போதுதான் சூரியனை மறைக்க வேண்டுமென்று தோன்றியது. கீழ்வீட்டுத் தையல்காரரிடம் ஓடினேன்.

"ரெண்டு மெஷின் லைட்டையும் கழட்டிட்டா நான் எப்படித் தைக்கிறது?"

"அரை மணி நேரம்ணே, அக்காவோட வேலைண்ணே."

"இந்தா, பிடி. சீக்கிரம் கொண்டா."

இரண்டு விளக்கோடு மேலே வந்தால் அக்கா சோர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆரம்பித்தாள், நடுவில் நின்றாள். மறுபடியும் நின்றாள். "வராது, விடு," என்றாள்.

"கடைசி நேரத்துல கழுத்தறுக்காதக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அக்காவும் அதையேதான் நினைத்தாள் போல. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் பட்டனை அழுத்தினேன்.

இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களையே பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது. வேலை அக்காவுக்குத்தான். பத்து மணிக்குத் தலைமை ஆசிரியை வீடியோ அழைப்பில் வந்தார். அவருக்கும் காது கேட்காது. நான் ஜன்னல் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் அக்காவின் கையில் விழுகிறதா என்று பார்த்தபடி நின்றேன். இரண்டு பேர் கைகளும் சரசரவென்று ஓடின. அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோளைத் தட்டி, "என்னக்கா? என்ன சொன்னாங்க?" என்றேன்.

வீட்டில் சாப்பிடும்போது யாராவது எதையாவது சொல்ல, எல்லாரும் சிரிப்போம். அவள் இப்படித்தான் என் தோளைத் தட்டிக் கேட்பாள். அப்புறம் சொல்கிறேன் என்று கையை ஆட்டிவிட்டு நான் சிரிப்பைத் தொடர்வேன். ஒரு நாளும் சொன்னதில்லை.

தட்டியதிலேயே புரிந்துவிட்டது போல, அக்கா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்புறம் சொல்றேன்," என்றாள்.

அதில் கோபமே இல்லை. பேச்சு சுவாரஸ்யம், அவ்வளவுதான். நான் திரைச்சீலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.